விற்ற பின் காசா, வாங்கும்போதே காசா: வெள்ளவத்தையின் கிராமிய உற்பத்திக் கடை ஒன்றைப் பற்றி

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், வீட்டின் முன்னறையைத் திருத்தி அமைத்த சிறிய கடை ஒன்று வடக்கு, கிழக்கு, மலையகம் ஆகிய பகுதிகளின் பெண்கள் குழுக்கள் செய்யும் உணவுப்பொருள்களையும் கைப்பணிப் பொருள்களையும் விற்று வருகிறது. அங்கே பொருள் வாங்கிப் பயன்படுத்துபவன் என்ற முறையிலும், வாழ்வாதாரத் திட்டங்களோடு தொழில்முறையில் நீண்ட காலம் பழகியவன் என்ற முறையிலும் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். பொருள்களின் தரத்தில் ஏற்ற இறக்கம் உண்டு; விலையும் சற்றுக் கூடுதல். ஆயினும் உற்பத்தியாளருக்குக் காசு போய்ச் சேரும் விடயத்தில் இந்தக் கடை கடைப்பிடிக்கும் ஒழுங்கு, கொழும்பில் நான் அறிந்த கைப்பணி விற்பனை நிலையங்கள் பலவற்றில் காணக் கிடைக்காதது. பின்தங்கிய பிரதேசம் ஒன்றின் பொருளைத் தலைநகரில் விற்பதால் அந்தப் பிரதேசம் முன்னேறுமா என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் அந்த ஒழுங்கில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

கடையின் பெயரை நான் எழுதாமைக்குக் காரணம் உண்டு. குழுக்களால் செய்து தரக்கூடிய அளவு குறைவு என்பதால், வட்ஸ்அப் ஓர்டர்கள் திடீரெனப் பெருகினால் தரத்தைக் காக்க முடியாது என்று நடத்துபவர்கள் கேட்டுக்கொண்டார்கள். வெள்ளவத்தையில் இருப்பவர்கள் விசாரித்தால் எளிதாகக் கண்டுபிடித்துவிடலாம்.

பிட்டு அவிக்கும் பனையோலை நீத்துப்பெட்டியில் தொடங்குகிறேன், ஏனெனில் இங்குள்ள மிகச் சிறந்த பொருள் அதுதான். கூம்பு வடிவில் பின்னிய இந்தப் பெட்டியில் ஓலைக்கு ஓலை இடைவெளி சீராக இருந்தால்தான் நீராவி மாவுக்குள் ஒழுங்காகப் பரவும்; பின்னல் நெருங்கினால் நடுவில் மா வேகாமல் வெள்ளையாக நிற்கும், தளர்ந்தால் பானைக்குள் உதிரும். இங்கு வாங்கிய பெட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அடியிலிருந்து விளிம்பு வரை பின்னல் ஒரே அளவாக இருந்தது. விளிம்பை மடித்துக் கட்டிய இடத்தில் ஓலையின் கூர்முனைகள் உட்புறமாகச் செருகப்பட்டிருந்ததால் கையில் குத்தவில்லை. முதல் முறை பாவிப்பதற்கு முன் தண்ணீரில் ஊறவைத்து ஒரு தடவை வெறுமனே அவித்து எடுக்கும்படி கடையில் சொன்னார்கள். அப்படிச் செய்தபின் பச்சை ஓலை மணம் போய், பிட்டில் பனையோலையின் மெல்லிய வாசனை மட்டும் தங்கியது. நாள்தோறும் பாவித்தும் அது இன்னும் வடிவு குலையவில்லை. சந்தையில் கிடைக்கும் அலுமினியக் குழலில் அவித்த பிட்டோடு ஒப்பிட்டால் இது பொலபொலவென்று விழுகிறது.

அந்தப் பெட்டியின் விலைச் சிட்டையின் பின்புறத்தை நான் இரண்டு முறை வாசித்தேன். விலை 480 ரூபா. அதில் பின்னியவருக்கு 300, சேகரிப்புக்கும் போக்குவரத்துக்கும் 50, மிகுதி 130 கடைக்கு என்று தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டிருந்தார்கள். விலையைப் பிரித்துக் காட்டுவது மட்டும் பெரிய காரியமாகாது. காசு எப்போது கொடுக்கப்படுகிறது என்று கேட்டபோது கடையைப் பொறுப்பாகப் பார்க்கும் அக்கா சொன்ன பதில்தான் முக்கியமானது: "சாமான் எங்கட கைக்கு வந்த கிழமையே காசு போயிடும் தம்பி. விக்கிறதும் விக்காததும் எங்கட தலையிடி, அவையின்ர இல்லை."

கைப்பணித் துறையில் இல்லாதவர்களுக்கு இந்தப் பதிலின் கனம் உடனே விளங்காமற் போகலாம். கொழும்பில் பரிசுப்பொருள் விற்கும் கடைகள் பலவற்றில் நடைமுறை வேறு. பொருளைக் கொண்டுவந்து வைக்கச் சொல்வார்கள். விற்றால் காசு, விற்காவிட்டால் பொருள் திரும்பி வரும், அதுவும் வெயிலில் நிறம் மங்கி, தூசு படிந்து, விளிம்பு பிரிந்து வரும். விற்ற பொருளுக்கான காசும் மாதக் கணக்கில் இழுபடும். நான் முன்பு இணைந்து வேலை செய்த ஒரு மகளிர் குழு, நகரத்துக் கடை ஒன்றுக்குக் கொடுத்த பாய்களுக்கும் பெட்டிகளுக்கும் உரிய பணத்தைப் பெறுவதற்குள் அடுத்த பருவத்துக்கான ஓலையை வாங்க வழியின்றி வேலையையே நிறுத்த வேண்டி வந்தது. நகரத்துக் கடைக்காரரின் மூலதனச் சுமையை முல்லைத்தீவிலோ மன்னாரிலோ இருக்கும் ஒரு பெண் சுமப்பதுதான் அந்த முறையின் உள்ளடக்கம். அவள் வட்டி வாங்காமல் நகரத்துக்குக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். தன் வீட்டுச் செலவுக்கு வட்டிக்குக் கடன் எடுக்கிறாள்.

அந்தக் கடன் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை நாடு பார்த்தது. 2009 இல் போர் முடிந்தபின் நுண்கடன் நிறுவனங்கள் வடக்கிலும் கிழக்கிலும் வீட்டு வாசல் வரை வந்து, குழுப் பிணையின் பேரில் பெண்களுக்குக் கடன் கொடுத்தன. வாரத் தவணை கட்ட இன்னொரு நிறுவனத்தில் கடன், அதைக் கட்ட மூன்றாவது கடன் என்று ஒரே வீட்டில் பல கடன் அட்டைகள் சேர்ந்தன. கடைசியில் 2018 இல் அரசாங்கம், வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்று நிலுவையாகிப்போன, 100,000 ரூபாவுக்கு மேற்படாத நுண்கடன்களைத் தானே பொறுப்பேற்றுத் தள்ளுபடி செய்யும் நிலைக்கு வந்தது. கடன் கொடுத்தால் வறியவர் தொழில் தொடங்கி முன்னேறுவார் என்ற கொள்கையில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது: தொழில் தொடங்கியவரின் பொருளை உரிய நேரத்தில் காசு கொடுத்து வாங்க யாரும் இருக்கவில்லை. கோழிக்கூடும் ஆடும் தையல் இயந்திரமும் கொடுத்த வாழ்வாதார உதவித் திட்டங்களிலும் அதே ஓட்டைதான். ஒரே கிராமத்தில் நாற்பது வீட்டுக்குத் தையல் இயந்திரம் கொடுத்தால் யார் யாருக்குத் தைப்பது என்ற கேள்வியைத் திட்ட அறிக்கைகள் கேட்டதாக எனக்கு நினைவில்லை. இயந்திரம் வழங்கியபோது எடுத்த படத்தோடு அறிக்கை முடிந்துவிடும்.

ஆகவே இந்தக் கடை வாங்கும்போதே காசு கொடுக்கிறது என்பதை நான் அதன் முதற்பெரும் சிறப்பாகக் கொள்கிறேன். அதோடு, நிலையாகப் பின்னித் தரும் குழுக்களுக்குச் சார்வோலை, அதாவது பின்னுவதற்கான பனங்குருத்தோலை, வாங்க முற்பணமும் கொடுக்கிறார்கள். அதற்கு வட்டி இல்லை, பொருள் வரும்போது கழித்துக்கொள்கிறார்கள். இப்படிக் கொடுப்பதற்குக் கடைக்கு மூலதனம் வேண்டும். அந்த மூலதனம் வெளிநாட்டில் வாழும் சில குடும்பங்கள் நன்கொடையாக அன்றி, மெதுவாகத் திருப்பித் தரும் கடனாகக் கொடுத்தது என்று அறிந்தேன். புலம்பெயர்ந்தோர் ஊருக்கு அனுப்பும் பணம் கோயில் கோபுரத்துக்கும் பாடசாலை மண்டபத்துக்கும் போவதைக் குறை சொல்ல நான் வரவில்லை; ஆனால் அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கு இப்படிச் சுழல் நிதியாக நின்றால், ஒரு கிராமத்தின் பின்னற்காரப் பெண்கள் வட்டிக்காரரின் வாசலுக்குப் போக வேண்டியிராது.

உணவுப்பொருள்களுக்கு வருகிறேன். ஒடியல் மா நன்றாக அரைக்கப்பட்டு, மண் கலவாமல் இருந்தது. கூழ் காய்ச்சியபோது கட்டி தட்டவில்லை. ஆனால் அடுத்த தடவை வாங்கிய பொதியில் கசப்பு மிகுதியாக இருந்தது. கிழங்கை அவிக்காமல் காயவைத்துச் செய்வது ஒடியல், அவித்துக் காயவைப்பது புழுக்கொடியல். முன்னதில் இயல்பாகவே கசப்பு உண்டு, அதை நீக்க மாவை நீரில் ஊறவிட்டு வடிப்பது யாழ்ப்பாணத்துச் சமையலறைகளில் எல்லோரும் அறிந்த விடயம். கொழும்பில் பிறந்து வளர்ந்த இளையவர்களுக்கு இது தெரியாது. பொதியின் மேல் இரண்டு வரியில் எழுதிவிட்டால் போதும், எழுதப்படவில்லை. காலாவதித் திகதியும் கண்ணாடி போட்டால்தான் தெரியும் அளவுக்குச் சிறிதாக இருக்கிறது. உற்பத்தியாளரின் உழைப்பை மதிப்பவர்கள் வாங்குபவரின் வயிற்றையும் அதே அளவுக்கு மதிக்க வேண்டும்.

பனங்கட்டி, குட்டான் எனப்படும் சிறு ஓலைப்பெட்டியில் வருகிறது. அதை நான் இந்தக் கடையில் மட்டுமே வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன், ஏனெனில் சீனி கலக்காத பனங்கட்டியைக் கொழும்பில் நம்பி வாங்கக்கூடிய இடங்கள் மிகக் குறைவு. வாயில் இட்டதும் கரையும் இனிப்புக்குப் பின்னால் இலேசான உப்பும் புகை மணமும் வர வேண்டும், இதில் வருகிறது. ஆண்டு முழுவதும் கிடைக்காது. பாளை சீவும் பருவம் முடிந்து இருப்பும் தீர்ந்தால் தட்டு வெறுமையாகவே இருக்கும். அந்த வெறுமையை வேறொரு சரக்கால் நிரப்பாமல் விட்டிருப்பதை நான் நேர்மையாகவே கருதுகிறேன்.

பனையைப் பற்றிப் பேசும்போது அபிவிருத்தி வரலாற்றின் ஒரு பாடத்தைச் சொல்லாமல் கடக்க முடியாது. கள் இறக்கும் சீவல் தொழிலாளர் தலைமுறைகளாகச் சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டு, தவறணை என்ற கள்ளுக்கடைகளின் குத்தகைக்காரரின் விலைக்குத் தங்கள் உழைப்பைக் கொடுத்து வந்தவர்கள். 1970களில் வடக்கில் அவர்களைக் கொண்டே பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கப்பட்டபோது, கள்ளுக்கு நியாயமான விலை கிடைத்ததோடு, மரத்திலிருந்து விழுந்து காயப்பட்டவருக்கு உதவி, சேமிப்பு, கூட்டத்தில் எழுந்து பேசும் உரிமை ஆகியனவும் கூடவே வந்தன. 1978 இல் பனை அபிவிருத்திச் சபை அமைந்தது. வடமராட்சியின் திக்கம் சாராய வடிசாலையும் அந்தக் கூட்டுறவு முயற்சியின் தொடர்ச்சியே. போரும் இடப்பெயர்வும் அவ்வளவையும் உலுக்கிவிட்டன. ஆனாலும் பொருளாதார உயர்வும் சமூக மதிப்பும் ஒன்றாகவே வந்த உதாரணம் நம்மிடமே இருக்கிறது. இலங்கையில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் 1911 இலேயே வந்துவிட்டது. அந்த இயக்கத்தின் வலுவால் 1930களில் மூளாயில் ஒரு கூட்டுறவு வைத்தியசாலையையே கட்டி எழுப்பியவர்கள் நம் முன்னோர். மேலே சொன்ன நுண்கடன் நிறுவனங்கள் வந்தபோது நமது கிராமங்கள் வெறுந்தரையாக இருக்கவில்லை. சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கங்கள் நலிந்து கிடந்தன; அவற்றைத் தூக்கி நிறுத்துவதற்குப் பதிலாகப் புதிய கடன்காரரை வரவேற்றோம்.

கடையின் கிழக்கு மாகாணத் தட்டு செழுமையாக இருக்கிறது. மருதமுனைக் கைத்தறிச் சாரங்களும் சேலைகளும் உண்டு. சாரத்தின் நெசவு இறுக்கமானது. சாயம் முதல் தோய்ச்சலில் சிறிது இறங்கியது, பின்னர் இறங்கவில்லை. மட்டக்களப்புத் தேனும் கஜுவும் கிடைக்கின்றன. கஜுவில் உடைந்தவை அதிகம், விலையோ முழுக் கஜுவின் விலை. இதை நான் கடையிலேயே நேராகச் சொன்னேன். தரம் பிரிப்பதற்கு உரிய பயிற்சியை அந்தக் குழுவுக்குக் கொடுத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். உடைந்ததைத் தனியே பொதி செய்து, இனிப்புச் செய்பவர்களுக்குக் குறைந்த விலையில் விற்கலாமே என்று ஆலோசனை சொன்னேன், குறித்துக்கொண்டார்கள். அரிசியில் மொட்டைக்கறுப்பனும் பச்சைப்பெருமாளும் வைத்திருக்கிறார்கள். அவற்றைப் பற்றிக் குறை எதுவும் இல்லை.

மலையகத் தட்டுத்தான் மனத்தை வருத்துகிறது. சிறிது மிளகு, கராம்பு, ஒரு பெண்கள் குழு தைத்த துணிப்பைகள், அவ்வளவுதான். உலகமே அறிந்த தேயிலை விளையும் மண்ணிலிருந்து, அதைக் கொழுந்தாகக் கிள்ளும் பெண்களின் சொந்தப் பொருளாக ஒரு தேயிலைப் பொதிகூட இந்தக் கடையில் இல்லை. இதற்குக் கடையைக் குறை சொல்ல முடியாது. 1883 முதல் கொழும்பு ஏலத்தில் தேயிலை விற்கப்பட்டு வருகிறது. நாட்டின் தேயிலையில் பெரும்பங்கை இன்று சிறுதோட்ட உடைமையாளர்களே விளைவிக்கிறார்கள். ஆனால் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் அந்தச் சிறு உடைமையாளர் வகுப்புக்குள் பெரும்பாலும் வரவில்லை. அவர்களுக்கு வீடு கட்ட 7 பேர்ச் காணி என்ற பேச்சே மிகப் பிந்தித்தான் வந்தது, பயிரிடக் காணி என்பது இன்னும் பேச்சளவில்தான் நிற்கிறது. நாட்சம்பளம் 1,000 ரூபாவாக 2021 இல் உயர்ந்தபோது அதையே பெரிய வெற்றியாகக் கொண்டாட வேண்டியிருந்தது. வடக்கில் ஒரு பெண்ணுக்குச் சொந்தமாகப் பனை இல்லாவிட்டாலும் அயல் வளவில் ஓலை கிடைக்கும். மட்டக்களப்பில் காட்டோரத்தில் தேன் கிடைக்கும். தோட்டத்தில் வேரும் இலையும் கம்பனிக்கே உரியவை. உடைமை இல்லாத இடத்தில் சந்தை வாய்ப்பைத் திறந்து வைத்தாலும் அதற்குள் கொண்டுவர எதுவும் இராது. அபிவிருத்தி பற்றிப் பேசும் கூட்டங்களில் சந்தைத் தொடர்பு, திறன் பயிற்சி, முயற்சியாண்மை என்றெல்லாம் அடுக்குகிறோம். காணி என்று யாராவது வாய் திறந்தால் தேநீர் இடைவேளை வந்துவிடுகிறது. இந்த ஒரு தட்டைப் பார்த்தாலே எது முதலில் வர வேண்டும் என்பது தெரியும்.

கடையின் எண்ணம் புதியதன்று. யப்பானின் ஓயிட்டா மாகாணத்தில் 1979 இல் ஆளுநர் ஹிரமட்சு தொடங்கிய, கிராமத்துக்கு ஒரு பொருள் என்ற இயக்கம், ஒவ்வோர் ஊரும் தனக்கே உரிய ஒரு பொருளைத் தேர்ந்து தரத்தை உயர்த்தும்படி சொன்னது. தாய்லாந்து அதை 2001 இல் நாடளாவிய திட்டமாக்கியது. குஜராத்தின் கைரா மாவட்டத்தில் 1946 இல் உருவான பால் கூட்டுறவு ஒன்றியம் இன்னும் ஒரு படி மேலே போனது. பாலை அளந்து, கொழுப்பைச் சோதித்து, அந்தந்தச் சங்கத்திலேயே கணக்குத் தீர்த்ததோடு, பாலைப் பதப்படுத்தும் ஆலையும் பால் கொடுத்தவர்களுக்கே சொந்தமாக இருந்தது. இலாபம் மிகுதியாக நிற்கும் இடம் கடைசிக் கட்டம். அந்தக் கட்டம் யார் கையில் இருக்கிறதோ அந்த ஊர்தான் வளரும்.

இந்த அளவுகோலால் பார்த்தால் வெள்ளவத்தைக் கடை பாதித் தூரத்தில் நிற்கிறது. ஒடியலை அரைப்பதும் பொதி செய்வதும் கிளிநொச்சியிலேயே நடக்கின்றன என்பது நல்லது. முன்பெல்லாம் ஒடியல் சாக்கில் கொழும்புக்கு வரும். அரைத்துப் பொதி செய்து பெயர் ஒட்டிய வியாபாரிக்கே ஆதாயம் போகும். இப்போது பொதியின் முன்புறத்தில் குழுவின் பெயர் இருக்கிறது. ஆனால் கடையின் உடைமையில் குழுக்களுக்குப் பங்கு இல்லை. விலையை யார் தீர்மானிக்கிறார்கள் என்று கேட்டேன். குழுத் தலைவிகளோடு பேசித் தீர்மானிப்பதாகச் சொன்னார்கள். அதை நம்புகிறேன், ஆனால் நடத்துபவர்கள் மாறினால் அந்தப் பேச்சு தொடரும் என்பதற்கு எழுத்தில் எந்த ஏற்பாடும் இல்லை. நல்லவர்கள் நடத்துவதால் நன்றாக நடக்கும் ஒன்று, அவர்கள் இல்லாதபோதும் நடக்கும்படி அமைக்கப்பட வேண்டும். ஆண்டு இறுதியில் மீதமாகும் ஆதாயத்தில் ஒரு பங்கைக் குழுக்களின் பெயரில் கடையின் பங்குகளாக மாற்றத் தொடங்கலாம்.

இன்னொரு குறை விற்பனையின் காலக்கணக்கு. ஆடி, ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் வெளிநாட்டுத் தமிழர்கள் கொழும்பில் இறங்கும் நாட்களில் கடை நிரம்பி வழிகிறது. அவர்கள் பெட்டி பெட்டியாக வாங்கிப் போகிறார்கள். அந்த மாதங்களுக்கு வெளியே கடை ஓய்ந்துவிடுகிறது. இதன் விளைவாகக் குழுக்களுக்குச் சில மாதம் இரவு பகலாக வேலை, சில மாதம் வேலையே இல்லை. வருமானம் கூடியிருக்கிறது, ஆனால் ஒழுங்காக வருவதில்லை; வாடகையும் பிள்ளையின் பஸ் காசும் மாதம் தவறாமல் வருகின்றன. இதைச் சரிசெய்யக் கடை கொழும்பில் வாழ்பவர்களின் அன்றாடத் தேவைக்குள் நுழைய வேண்டும். மிளகாய்த்தூள், நல்லெண்ணெய், மோர்மிளகாய், அரிசி மா ஆகியவற்றை வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை வீடுகளுக்கு மாதாந்தப் பொதியாகக் கொடுக்கும் ஏற்பாடு ஒன்றை அண்மையில் தொடங்கியிருக்கிறார்கள். நான் அதில் சேர்ந்திருக்கிறேன். பொதி சொன்ன நாளில் வருகிறது. இதுவரை ஒரு தடவை நல்லெண்ணெய்ப் போத்தலின் மூடி கசிந்திருந்தது, மறுபேச்சின்றி மாற்றித் தந்தார்கள்.

விலையைப் பற்றியும் நேராகச் சொல்ல வேண்டும். இங்குள்ள மிளகாய்த்தூள், வறுத்து இடித்த நல்ல தூள் என்றாலும், பக்கத்துக் கடையில் கிடைப்பதைவிட விலை கூடியது. உலக வங்கியின் மதிப்பீட்டின்படி 2019 இல் ஏறத்தாழ 11 சதவீதமாக இருந்த இந்நாட்டின் வறுமை 2023 இல் ஏறத்தாழ 26 சதவீதமாகியது. அந்த நெருக்கடியில் கொழும்புத் தமிழ்க் குடும்பங்களும் தப்பவில்லை. வெள்ளவத்தையில் வாடகைக்கு ஒண்டியிருக்கும் ஒரு குடும்பத்திடம் ஊருக்காகக் கூடுதல் விலை கொடு என்று கேட்பது நியாயமாகாது. பெரிய பொதி, சுற்று அட்டை இல்லாத எளிய பொதி என்று ஒரு குறைந்த விலை வரிசையைக் கடை அறிமுகப்படுத்த வேண்டும். பளபளப்பான அட்டைப்பெட்டிக்கு ஆகும் செலவு வாங்குபவருக்கும் பயனில்லை, பின்னியவருக்கும் போய்ச் சேர்வதில்லை.

பொதிகளில் ஒட்டிய படங்களைப் பற்றிக் கடையில் மனம் விட்டுப் பேசினேன். சில பொருள்களில், செய்த பெண்ணின் படத்தோடு அவர் போரில் கணவரை இழந்தவர் என்ற குறிப்பும் இருந்தது. வாங்குபவரின் இரக்கத்தில் நிற்கும் வியாபாரம் இரக்கம் தீர்ந்ததும் படுத்துவிடும். அதற்கும் மேலாக, ஒரு நல்ல பின்னற்காரியைக் கைவினைஞராக அன்றி விதவையாகவே சமூகத்தின் முன் நிறுத்துவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அடுத்த அச்சில் அதை எடுத்துவிட்டு, எந்த ஓலை, எவ்வளவு நேர வேலை, எப்படிப் பராமரிப்பது என்ற விவரங்களைப் போடுவதாக ஒத்துக்கொண்டார்கள். புதிதாக வந்த சுளகின் சிட்டையில் அந்த மாற்றத்தைக் கண்டேன்.

கடைக்கு வரும் பொருள்களில் பெரும்பகுதி ஏ9 வீதியால் இரவு பஸ்களில் பார்சலாக வருகிறது. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கியபின் பொருள்கள் ரயிலிலும் வரும் என்று எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் சிறு பொதிகளுக்கு பஸ்தான் வசதி, வீட்டு வாசலில் ஏற்றி அதிகாலையில் வெள்ளவத்தையில் இறக்கலாம். வீதியும் ரயிலும் இல்லாமல் இந்தக் கடை இருந்திராது என்பது உண்மை. அதே வீதியால் தெற்கின் தொழிற்சாலைப் பொருள்கள் வடக்கின் கடைகளை நிரப்பியதும் உண்மை. மேல் மாகாணம் ஒன்றே நாட்டின் மொத்த உற்பத்தியில் 40 சதவீதத்தை அண்டிய பங்கைத் தன்னிடம் வைத்திருக்க, வடமாகாணத்தின் பங்கு 5 சதவீத அளவிலேயே நிற்கும் நிலையில், வீதி எந்தப் பக்கம் அதிகம் ஓடும் என்பது யாரும் ஊகிக்கக்கூடியதே. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1990 இல் போரோடு நின்றுபோனது. வாழைச்சேனைக் கடதாசி ஆலையும் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் பழைய நிலைக்கு மீளவில்லை. பெரிய ஆலைகள் இருந்த இடத்தை நீத்துப்பெட்டியால் நிரப்ப முடியாது என்பதை இந்தக் கடையைப் புகழும்போதும் நான் மறக்கவில்லை.

இதைச் சொல்லும்போது ஆடைத் தொழிற்சாலைகளையும் நினைக்க வேண்டும். 1992 இல் நாடெங்கும் கிராமப்புறங்களில் 200 ஆடைத் தொழிற்சாலைகள் என்ற திட்டம் வந்தது. போருக்குப் பின் கிளிநொச்சி அறிவியல் நகரிலும் ஆடைத் தொழிற்சாலை எழுந்தது. அங்கே வேலை செய்யும் பெண்ணுக்கு வேலை கடுமையானது, நேரக் கட்டுப்பாடு இறுக்கமானது. ஆனால் மாதச் சம்பளம் உண்டு. ஊழியர் சேமலாப நிதிக்கு அவர் 8 சதவீதம் கட்ட முதலாளி 12 சதவீதம் கட்டுகிறார். 1958 முதல் இந்நாட்டின் தொழிலாளர் முதுமைக்குக் கிடைத்த பெரிய ஊன்றுகோல் அது. வீட்டிலிருந்து பின்னும் பெண்ணுக்கு அது இல்லை. இலவசக் கல்வியாலும் இலவச மருத்துவத்தாலும் வருமானத்தை மீறிய மனித மேம்பாட்டைப் பெற்ற நாடு என்று பொருளியலாளர் அமர்த்தியா சென் போன்றோர் எடுத்துக்காட்டிய இந்நாட்டில், பெண்களில் மூன்றில் ஒரு பங்கினர் அளவிலேயே தொழிற்படையில் இருக்கிறார்கள். படித்த பெண் வீட்டில் இருக்கிறாள். பிள்ளை, முதியோர், தண்ணீர், அடுப்பு எல்லாம் அவள் பொறுப்பு. அவளால் தொழிற்சாலைக்குப் போக முடியாது, வீட்டிலிருந்தே செய்யும் வேலைதான் முடியும் என்ற நிலையில், அந்த வேலைக்கும் முதுமைப் பாதுகாப்பு வேண்டும்.

கடை நல்ல விலை கொடுக்கிறது, உடனே கொடுக்கிறது. ஆனால் கண் மங்கி விரல் விறைத்த பின் அந்தப் பெண்ணுக்கு எதுவும் கொடுப்பதில்லை. அகமதாபாத்தில் 1972 இல் எலா பட் தொடங்கிய சுயதொழில் பெண்கள் சங்கம் வீட்டுத் தொழில் செய்பவர்களைத் தொழிலாளர் என்றே அழைத்து, அவர்களுக்கென வங்கியும் காப்புறுதியும் அமைத்தது. இலங்கையில் சுயதொழில் செய்பவர்களுக்கான ஓய்வூதியத்துக்குச் சமூகப் பாதுகாப்புச் சபை இருக்கிறது. கடை ஒவ்வொரு நீத்துப்பெட்டியிலும் தன் 130 ரூபாவிலிருந்து 10 ரூபாவை ஒதுக்கி, பின்னியவரும் 10 ரூபா சேர்த்து, அவர் பெயரில் அங்கே கட்டிவரலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். குழுத் தலைவிகளின் அடுத்த கூட்டத்தில் வைத்துப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

வாங்க நினைப்பவர்களுக்கு: நீத்துப்பெட்டி, சுளகு, பனங்கட்டி, மருதமுனைச் சாரம் ஆகியவற்றைத் தயங்காமல் வாங்கலாம். ஒடியல் மாவை வாங்கினால் ஊறவிட்டு வடித்துப் பாவியுங்கள். கஜுவைப் பொதியைத் தட்டிப் பார்த்து வாங்குங்கள். ஆடி, ஆவணியைத் தவிர்த்து மற்ற மாதங்களில் போங்கள். கடையில் நின்று பேச நேரமும் கிடைக்கும், ஓய்ந்த மாதத்தில் ஒரு குழுவுக்கு வேலையும் கிடைக்கும்.